மண்ணின் பசி தீர்த்த ஆசிரியர்

குழந்தைகளே! நிலக்கடலைச் செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சள் நிறப் பூ செடியின் மேலே பூக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் கடலைக்காயாக மாறும். பூ பூப்பது மேலே, காய் காய்ப்பது கீழே! என்ன விந்தை பாருங்கள்!

அடுத்த முறை செடியைப் பார்க்கும்போது காய்களை மட்டும் பார்க்காதீர்கள். வேரையும் உற்றுப் பாருங்கள். கடுகு போலச் சின்னஞ்சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக மாற்றித் தருகின்றன. கடலை மட்டுமல்ல, உளுந்து, பயறு, தட்டைப்பயறு, சோயா எல்லாம் இந்த வேலையைச் செய்யும். நெல் அறுத்த வயலில் நம் காவிரிப் பாசன விவசாயிகள் உளுந்தும் பயறும் விதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் மண்ணும் வளம் பெறும்.

இந்தச் சின்ன முடிச்சுகளின் பலனை, பள்ளிக்கூடமே போகாத ஏழை விவசாயிகளுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பிறந்த நாள் தெரியாத பிள்ளை

அமெரிக்காவில் மிசௌரி என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே டைமண்ட் என்ற சிற்றூர். அந்த ஊரில் மோசஸ் கார்வர், சூசன் என்ற தம்பதிக்கு ஒரு பண்ணை இருந்தது. மோசஸ் 1855ஆம் ஆண்டு மேரி என்ற பெண்ணை 700 டாலர் கொடுத்து விலைக்கு வாங்கினார். ஆமாம் குழந்தைகளே, சந்தையில் மாடு வாங்குவது போல மனிதர்களை வாங்கி விற்ற காலம் அது! ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் அடிமைகளாகவே வாழ்ந்தார்கள்.

அந்த மேரியின் மகன்தான் ஜார்ஜ். 1864ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தான். எந்த மாதம், எந்தத் தேதி? யாருக்கும் தெரியாது. அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை யார் எழுதி வைத்தார்கள்? கடைசி வரை அவருக்கும் தெரியவில்லை.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஓர் இரவு, குதிரைகளில் வந்த கொள்ளைக் கூட்டம் ஒன்று மேரியையும் கைக்குழந்தை ஜார்ஜையும் கடத்திக்கொண்டு போய்விட்டது. மோசஸ் ஆள் அனுப்பித் தேடச் சொன்னார். அந்த ஆள் குழந்தையை மட்டும்தான் மீட்டுக்கொண்டு வந்தார். அதற்கு ஈடாக மோசஸ் ஒரு குதிரையைக் கொடுத்தார். மேரி என்ன ஆனார் என்பது தெரியாமலே போய்விட்டது. ஜார்ஜ் தன் தாயின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளக்கூட வயது போதாத குழந்தை.

1865ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் மோசஸ், சூசன் தம்பதியே வளர்த்தார்கள். கக்குவான் இருமலால் நொந்துபோன உடம்பு ஜார்ஜுக்கு. வயலில் கடின வேலை செய்ய முடியாது. அதனால் சூசன் அம்மாள் அவனுக்குச் சமையல், தையல், தோட்ட வேலை கற்றுக் கொடுத்தார். எழுத்தும் கற்றுக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் ஜார்ஜ் காட்டுக்குள் ஓடிவிடுவான். அங்கே புதர்களுக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிறு தோட்டம் வைத்திருந்தான். வாடிய செடிகளைக் கொண்டுபோய் நடுவான். நிழல் வேண்டிய செடியை நிழலிலும், வெயில் வேண்டியதை வெயிலிலும் மாற்றி வைப்பான். அவை பிழைத்துக்கொள்ளும். சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுச் செடி வாடினாலும் ஜார்ஜைக் கூப்பிட்டார்கள். செடி வைத்தியர் என்று அவனுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்!

பள்ளியைத் தேடிய பயணம்

டைமண்டில் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் கறுப்பினக் குழந்தைகளை அங்கே சேர்க்க மாட்டார்கள். ஏறக்குறைய எட்டு மைல் தள்ளி நியோஷோ என்ற ஊரில் அவர்களுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஜார்ஜ் தனியாக அந்த ஊருக்கு நடந்தே போனான். இரவு தங்க இடமில்லை. ஒரு கொட்டகையில் படுத்து உறங்கினான். அது மரியா வாட்கின்ஸ் என்ற அம்மையாரின் வீட்டுக்கு அருகில் இருந்தது. அவரும் கறுப்பினப் பெண்மணிதான். துணி துவைத்துக் கொடுத்தும், பிரசவம் பார்த்தும் பிழைப்பவர். அவர் ஜார்ஜைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த அம்மையார் அவனிடம் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். உன்னால் எவ்வளவு கற்க முடியுமோ அவ்வளவையும் கற்றுக்கொள், பிறகு அதை நம் மக்களுக்குத் திருப்பிக் கொடு என்பதுதான் அது. ஜார்ஜ் அதைக் கடைசி வரை மறக்கவில்லை.

அதன் பிறகு ஊர் ஊராக அலைந்து படித்தார். சமைத்தார், துணி துவைத்தார், இஸ்திரி போட்டார். கிடைத்த காசில் படித்தார். கேன்சஸ் மாநிலத்தில் ஓர் ஊரில் கறுப்பினத்தவர் ஒருவரை ஒரு கும்பல் கொன்றதைக் கண்டு அஞ்சி, அன்றே அந்த ஊரை விட்டுப் போனார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஹைலண்ட் என்ற ஊரில் இருந்த கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். இடம் உண்டு என்று கடிதம் வந்தது. மகிழ்ச்சியோடு புறப்பட்டுப் போனார். நேரில் பார்த்ததும் கறுப்பினத்தவர் என்று சொல்லி, இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவர் சில ஆண்டுகள் புல்வெளி நிலத்தில் மண்கட்டி வீடு கட்டிப் பயிர் செய்தார். ஆனால் படிப்பு ஆசை விடவில்லை. 1890ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தில் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஓவியமும் இசையும் படித்தார். அவர் வரைந்த படங்களில் எல்லாம் செடிகளும் பூக்களுமே! ஓவிய ஆசிரியை எட்டா பட் இதைக் கவனித்தார். இவர் இருக்க வேண்டிய இடம் தாவரவியல் வகுப்பு என்று அவருக்குப் புரிந்தது. அந்த ஆசிரியையின் தந்தை அயோவா வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியர். 1891ஆம் ஆண்டு ஜார்ஜ் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான்.

முதல் நாட்களில் மற்ற மாணவர்களோடு சாப்பிட அவரை விடவில்லை. கீழ்த்தளத்தில் வேலையாட்களோடு சாப்பிடச் சொன்னார்கள். இதைக் கேள்விப்பட்டு, முன்பு அவருக்குப் பழக்கமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ரயிலேறி வந்து, அவரோடு அதே கீழ்த்தளத்தில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு நிலைமை மெல்ல மாறியது. 1894இல் இளங்கலைப் பட்டமும், 1896இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அந்தக் கல்லூரியிலேயே ஆசிரியரும் ஆனார். நல்ல சம்பளம், நல்ல ஆய்வுக்கூடம், அழகான கண்ணாடிப் பசுமைக்குடில். இனி என்ன குறை?

குப்பையில் பிறந்த ஆய்வுக்கூடம்

அப்போதுதான் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் புக்கர் டி. வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்து கல்வியால் உயர்ந்தவர். அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி என்ற ஊரில் கறுப்பின மாணவர்களுக்காகக் கல்வி நிலையம் நடத்தி வந்தார். அங்கே வேளாண்மைத் துறையை நடத்த வரும்படி கார்வரை அழைத்தார். மரியா அம்மையாரின் சொல்லை நினைத்துப் பார்த்திருப்பார் போலும்! கார்வர் புறப்பட்டுவிட்டார். 1896ஆம் ஆண்டு அக்டோபரில் டஸ்கிகியில் போய் இறங்கினார்.

போய்ப் பார்த்தால் ஆய்வுக்கூடம் என்று ஒன்றுமே இல்லை! கார்வர் சோர்ந்து உட்காரவில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேடுகளுக்குப் போனார். காலிப் புட்டிகள், உடைந்த சட்டிகள், பழைய மூடிகள், கம்பிகள் எல்லாவற்றையும் பொறுக்கி வந்தார்கள். அவைதான் அவருடைய முதல் ஆய்வுக் கருவிகள்.

உழுது பார்க்கக் கொடுத்த பத்து ஏக்கர் நிலமும் குப்பைமேடு போலத்தான் இருந்தது. மழை அரித்துச் சென்ற பள்ளங்கள், சத்தில்லாத மணல். முதல் ஆண்டு நஷ்டம்தான் கிடைத்தது. கார்வர் காட்டில் உதிர்ந்த இலைகளையும், சதுப்பு நிலத்துச் சேற்றையும், தொழு உரத்தையும் கொண்டுவந்து கொட்டச் சொன்னார். தட்டைப்பயறு விதைக்கச் சொன்னார். மாணவர்களுக்கு ஒரே வியப்பு. தட்டைப்பயறு விதைக்கவா இவ்வளவு படித்துவிட்டு வந்தார்? ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, அதே நிலத்தில் பருத்தியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அக்கம்பக்கத்தார் வந்து பார்க்கும்படி விளைந்தன.

கடனில் மூழ்கிய விவசாயிகள்

அந்த ஊர் விவசாயிகள் நிலையைச் சொல்கிறேன், கேளுங்கள். அடிமைத்தளை நீங்கிவிட்டது. ஆனால் அவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய முதலாளிகளின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதை, ஏர், மாவு, துணி எல்லாம் கடன். அறுவடை முடிந்ததும் விளைச்சலில் ஒரு பங்கு நிலக்காரருக்கு, ஒரு பங்கு கடைக்காரர் கடனுக்கு. கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சில சமயம் அடுத்த ஆண்டுக்கும் கடன் நிற்கும்.

கடன் கொடுத்தவர்கள் பருத்திதான் வேண்டும் என்றார்கள். வீட்டு வாசல் வரை பருத்தி. ஆண்டுக்கு ஆண்டு அதே பருத்தி. மண் தன் சத்தை எல்லாம் இழந்துவிட்டது. பருத்தியைச் சாப்பிட முடியுமா? சோளமாவு, உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, கரும்புப்பாகு இவைதான் அவர்கள் உணவு. இதனால் பெலக்ரா என்ற சத்துக்குறைவு நோய் தென்மாநிலங்களில் பரவி, பலர் உயிரை வாங்கியது.

கார்வருக்கு இரண்டு பசியும் தெரிந்தன. ஒன்று மண்ணின் பசி, இன்னொன்று மனிதரின் பசி. இரண்டையும் ஒரே பயிர் தீர்க்குமானால்? அதற்குத்தான் தட்டைப்பயறு, நிலக்கடலை, சோயா. இவை மண்ணுக்கு உரம், மனிதருக்குப் புரதம். ஓர் ஆண்டு பருத்தி, அடுத்த ஆண்டு பயறு வகை என்று மாற்றி மாற்றிப் பயிரிடுங்கள் என்றார். கடையில் உரம் வாங்கக் காசில்லாதவர்களிடம் காட்டு இலைகளையும் சாணத்தையும் சேர்த்து மக்கவைக்கச் சொன்னார். வாங்கத் தேவையில்லாததை வாங்காமல் இருப்பதும் வருமானம்தான், இல்லையா?

வாரக் கடைசியில் கோவேறு கழுதை வண்டியில் கிராமங்களுக்குப் போவார். வயலில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துக் காட்டுவார். பெண்களுக்குக் காய்கறிகளை உலர்த்தி வைக்கவும், பழங்களைப் பக்குவப்படுத்தவும் கற்றுக் கொடுப்பார். அந்த வட்டாரத்துக் களிமண்ணிலிருந்தே நிறச்சாந்து செய்து குடிசைகளுக்குப் பூசும் முறையையும் எழுதிக் கொடுத்தார். ஏழையின் வீடு அழகாக இருக்கக் கூடாதா என்ன!

சக்கரத்தில் ஓடிய பள்ளிக்கூடம்

விவசாயிகள் கல்லூரிக்கு வர முடியாது. வேலை கெடும். பலருக்குப் படிக்கவும் தெரியாது. அப்படியானால் கல்லூரி அவர்களிடம் போகட்டும்! 1906ஆம் ஆண்டு ஒரு குதிரை வண்டி தயாரானது. அதில் நல்ல கலப்பை, விதைகள், உர மாதிரிகள், வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் ஏற்றினார்கள். பணம் உதவியவர் நியூயார்க் நகரத்து மோரிஸ் ஜேசப். அதனால் அதற்கு ஜேசப் வண்டி என்று பெயர். டஸ்கிகியில் படித்த தாமஸ் கேம்பல் என்ற இளைஞர் அதை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒருவர் நிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஊரார் பார்க்க அங்கேயே உழுது, விதைத்துக் காட்டுவார்கள். கண்ணால் பார்த்ததை யார் நம்ப மாட்டார்கள்? பிற்காலத்தில் இந்த வண்டி மோட்டார் வண்டியாகவும் ஆனது.

படிக்கத் தெரிந்தவர்களுக்காகக் கார்வர் சிறு நூல்களை வெளியிட்டார். மொத்தம் 44 நூல்கள். விவசாயிக்கும், அவர் வீட்டுப் பெண்களுக்கும், பள்ளி ஆசிரியருக்கும் புரியும்படி எளிய நடை. 1916ஆம் ஆண்டு வந்த நூலில் நிலக்கடலை பயிரிடும் முறையோடு அதைச் சமைக்க 105 வழிகளும் இருந்தன!

வண்டு கற்பித்த பாடம்

இதற்கிடையே ஒரு பேரிடர் வந்தது. பருத்திக் காய்களைத் துளைத்துத் தின்னும் கூன்வண்டு மெக்சிகோவிலிருந்து 1892ஆம் ஆண்டு வாக்கில் டெக்சாஸுக்குள் நுழைந்தது. ஆண்டுக்கு ஆண்டு கிழக்கே நகர்ந்து, 1910 வாக்கில் அலபாமாவுக்கும் வந்துவிட்டது. பருத்தியை மட்டும் நம்பியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பயிர் மாற்றும் யோசனை அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. அலபாமாவில் எண்டர்பிரைஸ் என்ற ஊரின் விவசாயிகள் நிலக்கடலைக்கு மாறி நல்ல பணம் பார்த்தார்கள். தங்களை மாற வைத்த அந்த வண்டுக்கே 1919ஆம் ஆண்டு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்! உலகில் பூச்சிக்கு நன்றி சொன்ன ஊர் அது.

கடலை விளைந்தால் போதுமா? வாங்க ஆள் வேண்டாமா? கார்வர் ஆய்வுக்கூடத்தில் கடலையைப் பிரித்து மேய்ந்தார். எண்ணெய், பால், மாவு, சாயம், மை, சோப்பு, முகப்பூச்சு என்று சுமார் 300 பயன்களைப் பட்டியலிட்டார். சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு நூற்றுக்கும் மேல். 1921ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் கடலை விவசாயிகளுக்காகப் பேசப் போனார். பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். சிலர் கிண்டலும் செய்தார்கள். அவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டக் காட்ட, நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். முடிவில் கைதட்டல்!

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. 1884இலேயே கனடா நாட்டவர் ஒருவர் அது போன்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கார்வரின் பொருள்களில் பெரும்பாலானவை தொழிற்சாலைக்குப் போய்க் கடைக்கு வரவும் இல்லை. எல்லா விவசாயிகளும் கடனிலிருந்து மீண்டுவிடவும் இல்லை. பருத்திதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த நிலக்காரர்களிடம் வாரத்துக்குப் பயிரிட்டவர் என்ன செய்வார்? நிலம் யாருடையது என்ற கேள்விக்கு விடை ஆய்வுக்கூடத்தில் இல்லையே. ஆனால் அவர் சொன்னதைக் கேட்ட குடும்பங்களின் தட்டில் சத்தான உணவு வந்தது. மண் உயிர் பெற்றது. அது சின்ன விஷயமா?

எளிய வாழ்க்கை

கார்வர் கடைசி வரை டஸ்கிகியை விட்டுப் போகவில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். பழைய கோட்டு, அதில் நாள்தோறும் ஒரு புதுப் பூ. இதுதான் அவர் அலங்காரம். இத்தனை பொருள்களைச் செய்தவர் மூன்றே மூன்று காப்புரிமைகள்தான் பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களே பிள்ளைகள். தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு அவர் நண்பர். நம் காந்தியடிகளோடும் அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. அயோவாவில் அவர் கைப்பிடித்துச் செடிகளைப் பார்க்கப் போன ஹென்றி வாலஸ் என்ற சிறுவன், வளர்ந்து 1941இல் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியானார்!

தம் சேமிப்பை எல்லாம், சுமார் 60,000 டாலர், வேளாண் ஆராய்ச்சிக்கான அறக்கட்டளைக்கே கொடுத்தார். 1943ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி மறைந்தார். தம்மை அழைத்து வந்த புக்கர் வாஷிங்டனின் சமாதிக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு அவர் பிறந்த டைமண்ட் பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. ஒரு காலத்தில் அவரையும் சொத்துக் கணக்கில் சேர்த்திருந்த பண்ணை அது!

குழந்தைகளே! நம் வீட்டுக் கொல்லையிலோ, பள்ளித் தோட்டத்திலோ ஒரு பிடி பயறு விதைத்துப் பாருங்கள். நாற்பது நாள் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சுகளை எண்ணுங்கள். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு உங்கள் ஊர் விவசாயி ஒருவரிடம், மண்ணை வளமாக்க அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். கற்றதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தாரே கார்வர், அவரைப் போல நீங்களும் கற்றதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்!